படகில் தங்கிச் சுழியோடல்: கடலடியிலிருந்து கொட்டகலை வரை

ஒரு குழுவினர் சில நாட்கள் ஒரே படகில் உண்டு உறங்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை ஸ்கூபா கருவியுடன் கடலடிக்குப் போய்வரும் விடுமுறைப் பயணமே படகில் தங்கிச் சுழியோடல். கரையிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் படகால் எட்ட முடியாத பாறைத்தொடர்களின் அருகிலேயே இரவும் நங்கூரமிட்டுக் கிடக்கலாம் என்பதே இதன் பயன். செங்கடலும் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்தொடரும் இதற்குப் பெயர்போனவை.

இலங்கையருக்கு அருகிலிருப்பது மாலைதீவு. அங்கே தங்கும் படகை ‘சஃபாரிப் படகு’ என்பார்கள். சிலிண்டர்களையும் அவற்றில் காற்றடைக்கும் இயந்திரத்தையும் சுமந்துகொண்டு ‘தோனி’ என்னும் இன்னொரு படகு கூடவே வரும். பெயரைக் கேட்டாலே நம் தோணியின் உறவு தெரியும். இயந்திரத்தின் இரைச்சல் அந்தப் படகோடு போய்விடுவதால் தங்கும் படகில் நிம்மதியாகத் தூங்கலாம். அங்கு பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கு 30 மீற்றர் ஆழமே சட்ட எல்லை. சிலிண்டரில் இருப்பது சாதாரணக் காற்றுதான். நம் செய்தித்தாள்கள் விடாமல் எழுதிவரும் ‘ஒட்சிசன் சிலிண்டர்’ தவறு. தூய ஒட்சிசனைச் சுவாசித்துக்கொண்டு 30 மீற்றர் ஆழத்துக்குப் போனால் வலிப்பு வந்து உயிரே போகலாம்.

இலங்கையில் இந்தப் படகுப் பயணம் வேரூன்றவில்லை. சுழியோடிகள் பெரும்பாலும் கரையில் தங்கித்தான் கடலுக்குப் போகிறார்கள். காரணம் காற்று. சோளகம் வீசும் மாதங்களில் ஹிக்கடுவைப் பக்கம் கடல் கலங்கிக் கிடக்க, நிலாவெளியும் புறாமலையும் தெளிந்திருக்கும். வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ். ஒரு கரையில் ஆண்டு முழுவதும் படகோட்டிப் பிழைக்க முடியாது. பார்க்க வேண்டியவை பலவும் கரைக்கு அருகிலேயே இருப்பதும் ஒரு காரணம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளின் பொது எல்லை 40 மீற்றர் என்பதால், தனிப் பயிற்சி இல்லாதவர்களுக்கு அது இல்லை.

படகில் தங்கும் பயணத்துக்கென்றே அமைந்ததுபோல் ஓர் இடம் உண்டென்றால் அது கிரிந்தைக்கு அப்பாலுள்ள பெரிய பாசுப் பாறைத்தொடர். சிங்களத்தில் அதை இராவணன் கோட்டை என்றும் சொல்வதுண்டு. 1873இல் அங்கே வெளிச்சவீடு எழுந்தது. 1961இல் சுழியோடி மைக் வில்சனும் அவருடன் சென்ற இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும் அந்தப் பாறைகளின் நடுவே மூழ்கிய கப்பல் ஒன்றின் வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார்கள். ஔரங்கசீப் காலத்தில், 1702ஐ ஒட்டிச் சூரத்தில் அடிக்கப்பட்ட ரூபாய்கள் அவை. கட்டியிருந்த பை உப்புநீரில் நைந்து போய்விட, நாணயங்கள் மட்டும் ஒன்றோடொன்று இறுகி, பையின் வடிவிலேயே கட்டிகளாகக் கிடந்தன. 1956இல் திருகோணமலைச் சுவாமிமலையின் அடியில் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைப் பார்த்தவர்களும் வில்சனும் அவருடைய நண்பரான எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும்தான். பாசுப் பாறையின் கதையை 1964இல் கிளார்க் நூலாக்கினார். ஆனால் அங்கு கடல் அடங்கியிருப்பது மார்ச், ஏப்ரலில் சில வாரங்கள் மட்டுமே.

மலையகத்தின் கொட்டகலையிலிருந்து ஒரு குழு இப்படிப் பயணம் போனால், கடலுக்குள் இறங்குவதைவிட வீட்டுக்கு ஏறுவதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். கடல்மட்டத்தில் நம்மேல் ஒரு வளிமண்டல அமுக்கம். 10 மீற்றர் ஆழத்தில் அது இரண்டு, 30 மீற்றரில் நான்கு. அந்த அமுக்கத்தில் மூச்சுவிடும்போது காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசைகளிலும் கரைந்து தங்குகிறது. மெல்ல மேலேறினால் மூச்சுவழியே வெளியேறிவிடும். அவசரப்பட்டால், சோடாப் போத்தலின் மூடியைத் திறந்ததுபோல் உடம்புக்குள்ளேயே குமிழ் கட்டும். மூட்டுவலியும் மரமரப்பும் அதன் அடையாளங்கள். கடுமையானால் கைகால் விளங்காமல் போகும். எனவேதான் ஒவ்வொரு முறையும் 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று ஏறுவது வழக்கம்.

படகில் ஏறிவிட்டால் எல்லாம் முடிந்ததென்று கடற்கரைக்காரர் நினைக்கலாம். கொட்டகலைக்காரர் இன்னும் 1,200 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். கொழும்பில் வாங்கிய மரவள்ளிச் சீவல் பொட்டலம் ஹட்டனுக்கு வருவதற்குள் தலையணைபோல் உப்பிவிடுவதைப் பார்க்காதவர் இங்கு குறைவு. கொட்டகலையின் அமுக்கம் கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. நுவரெலியாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பொட்டலத்துக்கு நேர்வதே உடம்பில் மிச்சமிருக்கும் நைதரசனுக்கும் நேர்கிறது.

விமானப் பயணத்துக்கென வகுத்த விதி இங்கு அப்படியே பொருந்தும். 600 மீற்றருக்கு மேல் ஏறுமுன், ஒரே ஒரு சாதாரண இறக்கத்துக்குப் பின் 12 மணி நேரமும், பல நாள் பல இறக்கங்களுக்குப் பின் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். படகில் தங்கியவர்கள் எல்லோரும் இரண்டாம் வகைதான். கிதுல்கலை வரை வீதி தாழ்வாகவே வரும். கினிகத்தேனைப் பக்கம் ஏறும்போது எல்லை தாண்டிவிடுகிறது.

இதே கணக்கு மறுபுறமும் உண்டு. 300 மீற்றருக்கு மேலுள்ள எந்த நீர்நிலையிலும் சுழியோடுவது ‘உயரச் சுழியோட்டம்’. கடலுக்கான அட்டவணை அங்கு செல்லாது. 1969இல் கட்டி முடித்த மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அதன் அடியில் பழைய மஸ்கெலியா. நீர் வற்றும் ஆண்டுகளில் பழைய கோயில் வெளியே தலைகாட்ட, ஊரே திரண்டு பார்க்கப் போகும். கொட்டகலைக்காரர் சுழியோடாமலே பார்க்கக்கூடிய மூழ்கிய ஊர் அது.

திருகோணமலையில் சுழியோடிவிட்டுத் திரும்பும் குழு, கடைசி இறக்கத்தை முற்பகலிலேயே முடித்து, பிற்பகலில் உடுப்புகளையும் கருவிகளையும் நன்னீரில் அலசிக் காயவிட்டு, இரவைத் தம்புள்ளையிலோ மாத்தளையிலோ கழிப்பது நல்லது. மறுநாள் காலை உணவுக்குப் பின் மலையேறும் பஸ்ஸைப் பிடிக்கலாம்.