பம்ப் ஸ்டவ் ஏறிய மலைகள்

1952 மே 27ஆம் தேதி இரவு. எவரெஸ்ட்டின் தென்கிழக்கு முகட்டில், ஏறக்குறைய 8,400 மீட்டர் உயரத்தில், ஒரு சின்னக் கூடாரத்துக்குள் இருவர் ஒண்டியிருந்தார்கள். ஒருவர் சுவிட்சர்லாந்தின் ரேமோன் லாம்பேர், மற்றவர் டென்சிங் நார்கே. அன்று அங்கே தங்குவதாகத் திட்டம் இல்லை. வானம் தெளிந்திருந்ததால் தங்கிவிட்டார்கள். படுக்கைப் பை இல்லை, அடுப்பும் இல்லை. தாகம் தாங்க முடியாமல் போனபோது காலி டப்பா ஒன்றில் பனிக்கட்டித் துண்டுகளைப் போட்டு, மெழுகுவர்த்திச் சுடரில் பிடித்து, கசிந்து வந்த சில மிடறுகளைப் பங்கிட்டுக் குடித்தார்கள். மறுநாள் 8,600 மீட்டரை நெருங்கித் திரும்பினார்கள். உச்சி இன்னும் 250 மீட்டர் மேலே இருந்தது. நடக்கும்போது ஒழுங்காக வேலை செய்யாத ஆக்சிஜன் கருவியும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் அந்த மெழுகுவர்த்தியை மறந்துவிட்டு அந்தத் தோல்வியைச் சொல்ல முடியாது.

மலைப் பயணத்துக்குத் தயாராகிறவர்கள் முதலில் ஷூவைப் பற்றிக் கேட்கிறார்கள், பிறகு ஜாக்கெட், பிறகு கூடாரம். அடுப்பின் முறை கடைசியில்தான் வருகிறது, அதுவும் மேகி கிண்டுவதற்கு. பனிக்கோட்டுக்கு மேலே அடுப்பின் வேலை சமையல் இல்லை, தண்ணீர். சுற்றிலும் பனி கிடந்தாலும் குடிக்க ஒரு சொட்டு இருக்காது. பனியை அள்ளித் தின்றால் அதை உருக்கும் சூட்டை உடம்புதான் கொடுக்க வேண்டும். உலர்ந்த காற்றில் வேகமாக மூச்சு வாங்கும்போது ஒவ்வொரு மூச்சோடும் ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஒரு கிலோ பனிக்கட்டியை வெறுமனே தண்ணீராக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே அளவு வெப்பம் அந்தத் தண்ணீரைச் சுழியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடும். அதாவது ஓடைத் தண்ணீரைச் சுட வைப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எரிபொருள். அந்தச் சூட்டைச் சிக்கனமாகத் தரக்கூடிய, தோளில் சுமந்து போகக்கூடிய அடுப்பு 1892 வரை உலகத்தில் இல்லை என்றே சொல்லலாம்.

அந்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்ற பட்டறைத் தொழிலாளி ஓர் அடுப்பைச் செய்தார். அதே ஊர்ப் பக்கத்தில் கார்ல் ரிச்சர்ட் நைபெர்க் பத்தாண்டுகளுக்கு முன்பே பற்றவைப்புக்கான ஊதுவிளக்கைக் கொண்டுவந்திருந்தார். எரிபொருளைச் சூடாக்கி, ஆவியாக்கி, சிறு துளை வழியாகப் பீய்ச்சி எரிப்பது அதன் வித்தை. லிண்ட்க்விஸ்ட் அந்த வித்தையை மண்ணெண்ணெய்க்குப் பழக்கி, சுடரை மேல்நோக்கித் திருப்பினார். பிரைமஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அதன் உடலமைப்பு நம்மில் பலருக்கும் தெரியும். கீழே பித்தளைத் தொட்டி, பக்கத்தில் பம்ப், காற்றைத் திறந்துவிட ஒரு திருகு, நடுவில் எழும் குழாய், அதன் தலையில் பர்னர், பாத்திரம் வைக்க மூன்று கால்கள். பர்னருக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்த வேண்டும். அது எரிந்து தீரப்போகிற நேரம் பார்த்துத் திருகை மூடி பம்ப் அடித்தால், மேலேறும் எண்ணெய் சூடான குழாய்க்குள் ஆவியாகி, ஊசித் துளையில் சீறி, காற்றோடு கலந்து நீலமாக எரியும். பிறகு தன் சூட்டிலேயே தன் எண்ணெயை ஆவியாக்கிக்கொள்ளும். திரி இல்லை, கரி இல்லை, பாத்திரத்தின் அடி கறுக்காது. இரைச்சல் மட்டும் பெரிது. அந்த இரைச்சல் கேட்டால் குடிக்க ஏதோ வரப்போகிறது என்று பொருள்.

முதலில் நம்பியவர்களில் ஒருவர் நார்வேயின் ஃப்ரித்யோஃப் நான்சென். 1895 மார்ச்சில் அவரும் யால்மார் யோஹான்செனும் ஃப்ராம் கப்பலை விட்டிறங்கி வடதுருவம் நோக்கி நாய்வண்டிகளோடு நடந்தபோது பிரைமஸ் கூடவே போனது. நான்சென் அதற்குத் தோதாக அடுக்குப் பாத்திரம் ஒன்றும் வைத்திருந்தார். நடுவில் உணவு வேகும். வெளிவளையத்திலும் மேல்மூடியிலும் வைத்த பனி, வீணாகப் போகிற சூட்டில் உருகும். இன்று விற்கிற வெப்பம் சேமிக்கும் பாத்திரங்களின் மூதாதை அதுதான் என்பேன்.

அடுத்த கதை இன்னும் வலியது. 1897 ஜூலையில் ஸ்வீடனின் சாலமன் அந்த்ரே இரண்டு தோழர்களோடு ஸ்வால்பார்டிலிருந்து பலூனில் துருவத்துக்குக் கிளம்பினார். மூன்றே நாளில் பலூன் பனிப்பரப்பில் இறங்கிவிட்டது. மூவரும் மாதக்கணக்கில் நடந்து குவித்தோயா என்ற ஆளற்ற தீவை அடைந்து, அங்கேயே மாண்டார்கள். 33 ஆண்டுகள் கழித்து, 1930இல், நார்வேக் கப்பல் ஒன்று அவர்கள் முகாமைக் கண்டது. உடல்கள், நாட்குறிப்புகள், துலக்கப்படாத புகைப்படச் சுருள்கள் ஆகியவற்றோடு பிரைமஸும் கிடந்தது. தொட்டியில் எண்ணெய் இருந்தது. பம்ப் அடித்தபோது அடுப்பு வேலை செய்தது. அவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு. மூடிய கூடாரத்தில் அடுப்பு விட்ட கார்பன் மோனாக்சைடு அவற்றில் ஒன்று. அது தவறான ஊகமாகவே இருக்கட்டும். காற்றுவழி அடைத்த கூடாரத்துக்குள் அடுப்பு எரியக் கூடாது என்பதில் தவறில்லை.

தென்துருவத்தில் அடுப்பைவிட அதன் எண்ணெய்தான் தலைவிதியைத் தீர்மானித்தது. 1912இல் துருவத்தை எட்டிய பிரிட்டனின் ஸ்காட் குழு திரும்பும் வழியில் கிடங்குகளைத் திறந்தபோது டின்களில் எண்ணெய் குறைந்திருந்தது. மூடியின் தோல் வாஷர் குளிரில் கெட்டு, எண்ணெய் கசிந்தோ ஆவியாகியோ போயிருந்தது. அவருடைய போட்டியாளர் ஆமுண்ட்சென் தன் டின்களை ஈயம் பற்றவைத்து மூடியிருந்தார். ஸ்காட்டின் பயணம் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. சாமான் பட்டியல் எழுதுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தத் தோல் வாஷரைப் பற்றித்தான் படிக்க வேண்டும். 1916 மே மாதம் துருவப் பயணி ஷாக்கிள்டன், அவர் தோழர்கள் வோர்ஸ்லி, கிரீன் மூவரும் தெற்கு ஜார்ஜியா மலைகளைக் கடந்தபோது கூடாரமும் படுக்கைப் பையும் எடுக்கவில்லை, அடுப்பை எடுத்துக்கொண்டார்கள். எண்ணெய் தீர்ந்த பிறகுதான் அதை வழியில் விட்டார்கள்.

இதே காலத்தில் பிரைமஸ் கப்பலேறி நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. முதலில் சீமைச் சரக்காக வந்தது, பிறகு இந்தியாவிலேயே செய்தார்கள். விறகுப் புகையில் கண் எரிந்த பெண்களுக்கு நீலச் சுடர் பெரிய விடுதலை. திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளில் வேலை தேடி வந்த இளைஞர்கள் சோறு பொங்கியதும் இதில்தான். ரேஷன் கடையின் நீல மண்ணெண்ணெய், துளை அடைத்தால் குத்த ஒரு தகரப் பின், பம்பில் காற்று நிற்காவிட்டால் புது வாஷர் என்று ஒரு முழு வாழ்க்கை முறையே இருந்தது. அதன் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு என்ற செய்தி நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வந்த காலம் அது. சில உண்மையாகவே விபத்து. சில, வரதட்சணைக்காகக் கொளுத்திவிட்டு அடுப்பின் மேல் போட்ட பழி. 1986இல் வரதட்சணை மரணம் தனிக் குற்றமாகச் சட்டத்தில் சேர்ந்ததற்குப் பின்னால் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள்.

மீண்டும் எவரெஸ்ட். சுவிஸ் குழு திரும்பிய அதே 1952இல் பிரிட்டிஷ் உடலியலாளர் கிரிஃபித் பியூ, சோ ஓயு மலைப் பகுதியில் ஏறுகிறவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று அளந்துகொண்டிருந்தார். நாளுக்கு ஏறக்குறைய மூன்று லிட்டராவது உள்ளே போகாவிட்டால் உயரத்தில் உடல் ஓய்ந்துவிடும் என்பது அவர் முடிவு. அடுத்த ஆண்டின் பிரிட்டிஷ் எவரெஸ்ட் பயணத்தின் அடுப்பும் எரிபொருளும் அந்தக் கணக்குக்கு ஏற்பத் திட்டமிடப்பட்டன. 1953 மே 28 இரவு, சுமார் 8,500 மீட்டரில், டென்சிங் மறுபடியும் ஒரு சிறு கூடாரத்தில் இருந்தார். கூட ஹிலாரி, நடுவில் பிரைமஸ். எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து வயிறு நிறையக் குடித்தார்கள். விடியற்காலையில் ஹிலாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்திருந்தது. அதையும் அதே நெருப்பில் காட்டித்தான் இளக்கினார். காலை 6.30க்குக் கிளம்பினார்கள், 11.30க்கு உச்சி.

சந்தேகமில்லை, ஆக்சிஜனுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஒரே மனிதர், ஒரே முகடு, ஓராண்டு இடைவெளி, ஒருமுறை மெழுகுவர்த்தி, ஒருமுறை அடுப்பு. இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

அதன் பிறகு அடுப்பின் உருவம் பிரிந்தது. சியாட்டிலில் லாரி பென்பெர்த்தி, மலைநோய்க்கும் உடலில் நீர் வற்றுவதற்கும் தொடர்புண்டு என்று வாதிட்டவர், 1973இல் பர்னரைத் தொட்டியிலிருந்து கழற்றித் தனியே வைத்தார். எரிபொருள் புட்டியே தொட்டியாயிற்று, இடையில் ஒரு குழாய். புட்டி சூட்டிலிருந்து தள்ளி நிற்பதால் பர்னரைச் சுற்றிக் காற்றுத்தடுப்பு வைத்து முழு வேகத்தில் எரிக்கலாம். எம்.எஸ்.ஆர். என்ற பெயரில் வந்த அந்த அடுப்பின் பேரப்பிள்ளைகள்தான் இன்றும் உயர்முகாம்களில் எரிகின்றன.

கையடக்க எரிவாயுக் குப்பி வந்ததும் பலர் மண்ணெண்ணெயை விட்டார்கள். இலகு, சுத்தம், ஸ்பிரிட் வேண்டாம். ஆனால் பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழேயே ஆவியாக மறுத்துவிடும். அதனால்தான் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குப்பி வாங்க வேண்டும். அதையும் விமானத்தில் கொண்டுபோக முடியாது. மணாலியிலோ லேயிலோ இறங்கித்தான் தேட வேண்டும். மண்ணெண்ணெய் கடுங்குளிரிலும் பம்ப் அடித்தால் வரும்.

நம் ஊர் மலைகளுக்கு எந்த அடுப்பும் வேண்டாம் என்பது என் கருத்து. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. காய்ந்த புல்லுள்ள மேற்குத் தொடர்ச்சி மலையில் நெருப்பைக் கொண்டுபோகாமல், தண்ணீரையும் கட்டுச்சோற்றையும் கொண்டுபோவதே சரி. இமயமலையில் சமையல்காரரோடு போகும் மலைநடையில் கவலை அவருடையது. தண்ணீர் அங்கே குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் அவர் குக்கரும் சுமந்து வருவார். பனிக்கு மேலே தனியாக முகாம் போடுகிறவர்கள்தான் கணக்குப் போட வேண்டும்: ஆளுக்கு நாளுக்கு மூன்று லிட்டர், அத்தனையும் பனியிலிருந்து, அதற்கு மேல் புயலில் மாட்டினால் இரண்டு நாளுக்கு உபரி. அடுப்போடு மாற்று வாஷரும் பின்னும் வாங்குங்கள். வாங்கிய அன்றே மொட்டை மாடியில் கையுறை போட்டுக்கொண்டு அதைக் கழற்றி, பூட்டி, பற்றவைத்துப் பாருங்கள்.