தருமபுரி கற்ற பேரிடர் ஆங்கிலம்

தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆண்டுச் சராசரி மழை சுமார் 850 மி.மீ. கேழ்வரகு, சாமை, கொள்ளு என்று மானாவாரிப் பயிர்களை நம்பியே பெரும்பாலான மேட்டு நிலங்கள் இருந்துவந்தன. ஆகவே பேரிடர் என்பது இங்கே நெடுங்காலம் ஒரே வடிவில் வந்தது: மழை பொய்த்தது, ஏரி வறண்டது, விளைச்சல் போனது. அதைச் சொல்லப் பஞ்சம், வறட்சி, வானம் பார்த்த பூமி என்று ஊருக்குச் சொந்தமான சொற்கள் இருந்தன. ஆங்கிலச் சொற்கள் பின்னர் வந்தவை. அவை பள்ளிக்கூடம் வழியாக வந்ததைவிட அரசு அலுவலகம், ரயில் நிலையம், அணை, வானிலை அறிக்கை ஆகியவற்றின் வழியாக வந்ததே அதிகம்.

1792-இல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, தருமபுரியை உள்ளடக்கிய பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடின் தலைமையில் நிலத்தை அளந்து வரி விதித்தவர்களில் தாமஸ் மன்றோவும் ஒருவர். பல ஆண்டுகள் தருமபுரியிலேயே தங்கிப் பணியாற்றினார். ஆட்சி ஆங்கிலேயருடையது என்றாலும் கச்சேரியின் மொழி பெரும்பாலும் பாரசீக, உருதுச் சொற்களால் ஆனது. தாசில்தார், ஜமாபந்தி, பசலி எல்லாம் அந்த வகையே. விளைச்சல் இல்லாத ஆண்டில் குடியானவர் கேட்டது வரித் தள்ளுபடி. அதைத் தரலாமா கூடாதா என்பதைத் தாசில்தாரின் கணக்கே முடிவு செய்தது.

இந்த நிலையைப் புரட்டிப்போட்டது தாது வருடப் பஞ்சம். 1876-இல் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டும் துயரம் நீண்டது. சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. தருமபுரி அப்போது அதன் ஒரு தாலுகா. 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19 இலட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தனர். 1881-இல் எண்ணியபோது சுமார் 16 இலட்சம் பேரே இருந்தனர். இடம்பெயர்ந்தவர்களையும் பிறக்காமல் போன குழந்தைகளையும் கழித்துப் பார்த்தாலும், இந்த இடைவெளி பெரும்பாலும் சாவின் கணக்குதான்.

அந்த ஆண்டுகளில் ஆங்கிலக் கோப்புகளில் ‘ரிலீஃப் ஒர்க்’ என்று எழுதப்பட்டது சாலை போடுவதும் ஏரி தூர் வாருவதுமான கூலி வேலை. 1877 ஜனவரியில் அரசு அனுப்பிவைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள், ஆண் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. ‘டெம்பிள் கூலி’ என்ற பெயர் வரலாற்றில் நிலைத்தது இப்படித்தான். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று வெளிப்படையாக எதிர்த்தார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. சிக்கனம் என்ற பெயரில் மனித உடலின் தேவையைக் குறைத்து மதிப்பிட்ட இந்த முடிவு மன்னிக்கத் தக்கதன்று.

ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880-இல் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து 1883-இல் பஞ்சச் சட்டத்தொகுப்பு வந்தது. ‘ஃபேமின் கோட்’ என்று அறியப்பட்ட அது, தட்டுப்பாட்டையும் பஞ்சத்தையும் தனித்தனி நிலைகளாகப் பிரித்தது. ‘டெஸ்ட் ஒர்க்’ என்ற சோதனைப் பணியைத் தொடங்கி, குறைந்த கூலிக்குக் கடின வேலை செய்ய எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். கூட்டம் பெருகினால் பஞ்சம் மெய் என்று பொருள். உழைக்க இயலாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் இலவச உதவி தனியாக உண்டு. ஓர் ஊரின் துயரத்துக்குக் கோப்பில் எந்தச் சொல் எழுதப்படுகிறதோ, அந்தச் சொல்லைப் பொறுத்தே கஞ்சியும் கூலியும் கிடைத்தன.

பஞ்சத்தின் இன்னொரு விளைவு தண்டவாளம். தானியம் ரயில் நிலையம் வரை வந்தாலும் உள்ளூருக்குப் போய்ச் சேர வழியில்லை என்ற பாடத்திலிருந்து பஞ்சப் பாதுகாப்பு ரயில் பாதைகள் பிறந்தன. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் திறக்கப்பட்ட இரண்டரை அடி அகலக் குறுகிய பாதை அத்தகையதே. பின்னர் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பாதை பெயர்த்தெடுக்கப்பட்டது. பசியைத் தடுக்கப் போட்ட இரும்பு போருக்குப் போனது.

நீரின் கணக்கு அடுத்த கட்டத்தில் வந்தது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் காவிரியின் நீர் அளவு அன்றாடச் செய்தியானது. ‘கியூசெக்’ என்பது விநாடிக்கு ஒரு கன அடி, அதாவது சுமார் 28 லிட்டர். ‘டி.எம்.சி.’ என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்குச் சுமார் 11,570 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும். பென்னாகரம் வட்டத்தில் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவருக்கு இந்த எண்களே பிழைப்பு. பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடும். வரத்து குறைந்தால் தடை விலகும்.

ஓசையின்றி வந்த பேரிடர் ஒன்றும் உண்டு. ஆழ்துளைக் கிணறுகள் ஆழம் கூடக் கூட, பாறைகளிலிருந்து கரைந்த ஃபுளோரைடு குடிநீரில் மிகுதியாக வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் நீரைத் தொடர்ந்து குடித்தால் பல்லில் கறை படியும். அளவு இன்னும் மிகுந்தால் எலும்பும் மூட்டும் கெடும். ‘ஃபுளோரோசிஸ்’ என்ற மருத்துவச் சொல் தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களுக்குப் பழகிப்போனது இதனால்தான். ஜப்பானிய நிதியுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் உருவான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே அந்த நோயின் பெயர் இடம்பெற்றது. 2013 மே மாதம் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது.

புயலின் சொற்கள் கடைசியாக வந்தன. ‘சைக்ளோன்’ என்ற ஆங்கிலச் சொல்லே இந்தியாவில் பிறந்தது. கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கி, 1848-இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் பயன்படுத்தினார். 1875-இல் இந்திய வானிலைத் துறை அமைந்தது. மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வேகக் காற்று ‘டிப்ரஷன்’, 50 முதல் 61 வரை ‘டீப் டிப்ரஷன்’, 62-ஐத் தொட்டால் ‘சைக்ளோனிக் ஸ்டார்ம்’ என்று அது வகுத்திருக்கிறது. செய்திகளில் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று கேட்பவை இவையே. இந்தப் படிகள் எல்லாம் காற்றின் வேகத்தைச் சொல்பவை. மழையின் அளவை இவை சொல்வதில்லை. மழைக்குத் தனி அளவுகள் உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளை இந்த அளவுகளோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதை 2024 காட்டியது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் வலுவிழந்தபடி மெல்ல உள்நாட்டுக்கு நகர்ந்தது. வலுவிழந்தது என்ற சொல்லைக் கேட்டவர் ஆபத்து நீங்கியது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அரூரில் சுமார் 33 செ.மீ., பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வாகனங்களை வெள்ளம் அடித்துச் சென்றது. மழைக்காக ஏங்கிய பூமியில், ஓர் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒரே நாளில் விழுந்தது.

வறட்சிச் சொற்களிலும் எண்கள் உண்டு. சராசரியிலிருந்து 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் அந்த மழை ‘நார்மல்’ என்றே கணக்கிடப்படும். 2015 முதல், பேரிடர் நிதியிலிருந்து பயிர் நிவாரணம் பெற 33 விழுக்காடு சேதம் இருக்க வேண்டும். அதற்கு முன்பு 50 விழுக்காடு கேட்கப்பட்டது. மாணவர்கள் ‘டிராட்’, ‘ஃபிளட்’, ‘சைக்ளோன்’ என்று பட்டியலாக மனப்பாடம் செய்வது தேர்வுக்கு உதவும். அந்தந்தச் சொல்லின் அளவையும், அதனால் வரும் உரிமையையும் சேர்த்துக் கற்பித்தால் வீட்டுக்கும் உதவும். தருமபுரிப் பள்ளிகள் அப்படிக் கற்பிக்க வேண்டும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1077, மாநில அறையின் எண் 1070.