சவரக்கத்தியின் காலக்கணிப்பு: வேலந்தாவளம் எல்லைப்பகுதியை முன்வைத்து

கொங்கு வேளாளர் திருமணங்களில் மங்கல வாழ்த்துப் பாடும் உரிமையுடையோர் நாவிதர். அவ்வாழ்த்து அச்சேறியுள்ளது, அதனைப் பாடியோரின் அடைப்பத்திலிருந்த சவரக்கத்தி அத்துணைக் கவனம் பெறவில்லை. மயிர் குறைக்கும் கருவியின் கைப்பிடியைக் காதுக்கு உவமையாக்கிய பொருநராற்றுப்படையைப் பயில்வோர்க்கு இது வியப்பளிக்கும்.

பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய வேலந்தாவளம் கேரள நிலத்திலிருந்தும் கொங்குப் பண்பாட்டோடு பிணைந்த ஊராகும். இத்தகைய ஊர்களில் ஒரு கத்தியின் காலத்தைப் 'பாட்டன் காலத்தது' என்னும் வாய்மொழி கொண்டே அறிய நேர்கிறது. எழுத்தாவணம் குறைந்த குடியினர்க்குக் கருவியே ஆவணமாதலின், அதன் காலம் பிழைபடின் அவர்தம் வரலாறும் பிழைபடும்.

அலகின் கூரற்ற கழுத்தில் பொறித்த முத்திரையே முதற்சான்று. மகுடத்துடன் 'வி.ஆர்.' என்னும் எழுத்துகள் இருப்பின் அது விக்டோரியா ஆட்சியை (1837–1901) சுட்டும். நாட்டின் பெயர் இல்லாத கத்தி 1891க்கு முந்தியது என்பது சேகரிப்பாளரிடையே வழங்கும் விதி. இதனை இங்குப் பொருத்துதல் தகாது. அவ்விதி அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டத்தின்வழிப் பிறந்தது. அந்நாட்டிற்குச் சென்ற சரக்குகளையே அது கட்டுப்படுத்தியது. இந்தியாவில் 1889இல் இயற்றப்பட்ட வணிகக் குறிச் சட்டமோ போலிக்குறிகளைத் தடுக்க எழுந்தது; எல்லாப் பொருளிலும் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கவில்லை. எனவே, 1862இல் போத்தனூர்–பட்டாம்பி இருப்புப்பாதை திறந்தபின் இப்பகுதிக்கு வந்திருக்கக்கூடிய ஷெஃபீல்டு, சோலிங்கன் கத்திகளில் நாட்டின் பெயர் இன்மை எதனையும் மெய்ப்பிக்காது. பெயர் இருப்பின், அது பெரும்பாலும் அக்காலத்திற்குப் பிற்பட்டது எனலாம்.

அலகின் வடிவமும் துணைசெய்யும். ஆப்பு வடிவ அலகு பழையது. இருபுறமும் குழித்துத் தீட்டிய மெல்லலகு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. கைப்பிடியை நம்புதல் அரிது. அது உடைந்தால் மாற்றப்படுவது. செல்லுலாய்டு பிடி 1870க்கு முந்தியதன்று என்பதன்றி, அலகின் காலத்தை அது உணர்த்தாது. சாணைக்கல்லில் தேய்ந்து குறுகிய அலகு பயன்பாட்டின் மிகுதியைக் காட்டுமேயன்றி ஆண்டுகளைக் காட்டாது. நாள்தோறும் பலர்க்கு மழித்த கத்தி விரைந்து தேய்ந்திருக்கும். ஆக்கக்காலம் வேறு, குடும்பத்தில் வழங்கிய காலம் வேறு. பழைய கத்தியாகவே ஒருவர் கைக்கு வந்திருத்தலும் கூடும். இவ்விரண்டாம் காலத்திற்கு வாய்மொழியே சான்று.

எய்ட்ஸ் அச்சத்தின் பின்னர் அலகு மாற்றும் கத்திகள் முடிதிருத்தகங்களில் பரவ, பழையவை பயனற்று ஒதுங்கின. எஞ்சியவற்றைத் தூய்மை செய்யுமுன் முத்திரையைப் படமெடுத்தல் வேண்டும். துருவை உப்புத்தாளால் தேய்க்கையில் முதலில் அழிவது அதுவே.