சட்டம் பேசிய சிசரோ

வணிகச் சட்ட வகுப்பில் ரோமானியச் சட்டம் என்றதும் எனக்கு ஞாபகம் வருபவர் சிசரோ. வக்கீல், பேச்சாளர், தத்துவமும் எழுதியவர்.

கி.மு. 63-ல் அவர் ரோமின் கான்சல். அரசைக் கவிழ்க்க கேட்டிலைன் என்பவர் சதி செய்தார். பிடிபட்ட கூட்டாளிகள் ஐந்து பேரை விசாரணையே இல்லாமல் சிறையில் கொன்றார்கள், உத்தரவு சிசரோவுடையது. கொல்ல வேண்டாம், காவலில் வைக்கலாம் என்று செனட்டில் வாதாடியவர் யார் தெரியுமா? ஜூலியஸ் சீசர்! மக்கள் ஒப்புதலின்றிக் குடிமகனைக் கொல்லக்கூடாது என்று கி.மு. 123-லேயே சட்டம் வந்திருந்தது. ஆபத்துக் காலம் என்பது சிசரோ சொன்ன நியாயம். எனக்கு அது ஒப்பவில்லை.

கி.மு. 58-ல் எதிரி குளோடியஸ், அப்படிக் கொன்றவரை நாடுகடத்தச் சட்டம் கொண்டுவந்தார். சிசரோ தெசலோனிக்காவுக்குப் போனார். ரோமில் அவர் வீட்டை இடித்தார்கள். அங்கிருந்து நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களில் ஒரே அழுகை, புலம்பல். மறு வருடம்தான் திரும்ப முடிந்தது.

கி.மு. 45-ல் மகள் துல்லியா இறந்தாள். அதே வருடம் மரணம், வலி, துக்கம் பற்றி 'டஸ்குலன் உரையாடல்கள்' எழுதத் தொடங்கினார். அழுத மனுஷன் எழுதியது என்பதால்தான் எனக்கு அதில் நம்பிக்கை.

கி.மு. 43-ல் ஆண்டனி தரப்பின் கொலைப் பட்டியலில் சிசரோ பெயர் ஏறியது. விசாரணை கிடையாது. பல்லக்கிலிருந்து தானே கழுத்தை நீட்டினார் என்கிறார் புளூடார்க்.