அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா? பில்லில் இதெல்லாம் இருக்கா பாருங்க!

பிள்ளைக்கு காலேஜ் சீட் கிடைத்ததும் வீட்டில் அடுத்து வரும் பேச்சு கம்ப்யூட்டர். சேலத்திலோ நாமக்கல்லிலோ கடைக்குப் போனால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கம்பெனியே முழுதாகத் தயாரித்து அனுப்பும் பிராண்டட் கம்ப்யூட்டர். இன்னொன்று, நம்ம பட்ஜெட்டுக்கு ஏற்ற மாதிரி கடைக்காரரே பாகங்களைச் சேர்த்துத் தரும் அசெம்பிள்டு கம்ப்யூட்டர்.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். லாரிக்கு கம்பெனியில் சேஸிஸ் வாங்கி, உள்ளூர் பட்டறையில் பாடி கட்டுவது போலத்தான். சேஸிஸில் கோளாறு என்றால் கம்பெனி, பாடியில் கோளாறு என்றால் பட்டறை. அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் அதிகம். அதனால்தான் பில் முக்கியம்.

வாரன்டி தருவது யார்?

பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், மானிட்டர் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி. வாரன்டியும் தனித்தனி. பெட்டியோடு வரும் இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களுக்கு 3 ஆண்டு வாரன்டி உண்டு. அதே பிராசஸர் பெட்டி இல்லாமல் 'டிரே' என்று விலை குறைவாகவும் கிடைக்கும். அதற்கு விற்றவர்தான் பொறுப்பு. கடையில் "மொத்தமா ஒரு வருஷம் வாரன்டிங்க" என்று சொன்னால், எந்தப் பாகத்துக்கு எத்தனை வருஷம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

'ஐ5' என்றால் போதுமா?

போதாது. எந்தத் தலைமுறை என்பதுதான் கேள்வி. ஐ5-3470 என்பது 2012-ல் வந்த 3-ம் தலைமுறை. ஐ5-12400 என்பது 2022-ல் வந்த 12-ம் தலைமுறை. பெயர் இரண்டுக்கும் ஐ5தான். ரொம்ப குறைந்த விலைக்கு 'ஐ5 கம்ப்யூட்டர்' என்றால், உள்ளே பழைய பிராசஸர் இருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்த முடிவு செய்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக 8-ம் தலைமுறையாவது வேண்டும்.

"பில் இல்லாம எடுத்துக்கிறீங்களாண்ணா?"

கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 40,000 ரூபாய் மதிப்புக்கு வரி மட்டும் 7,200 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கலாம் என்று பில்லை விட்டுவிட்டால், வாரன்டி கேட்கும்போது கையில் ஆதாரம் எதுவும் இருக்காது.

'கம்ப்யூட்டர் 1' என்று ஒரே வரியில் எழுதித் தரும் பில்லும் பெரிதாக உதவாது. ஒவ்வொரு பாகத்தின் பெயர், மாடல், சீரியல் நம்பர், விலை, வாரன்டி காலம், கடையின் ஜிஎஸ்டி எண் ஆகியவை பில்லில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடைகளின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன்

* பாகங்களின் காலிப் பெட்டிகளைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள்.
* கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போனால் பிராசஸர் பெயரும் ரேம் அளவும் தெரியும்.
* 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள், எஸ்எஸ்டி இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புதுசு என்று விற்றது ஆயிரக்கணக்கான மணி நேரம் காட்டினால் அது பழைய பொருள்.
* விண்டோஸ் ஒரிஜினலா என்று கேளுங்கள். லைசென்ஸுக்குப் பணம் வாங்கினால் அதுவும் பில்லில் வர வேண்டும்.

பிரச்சினை வந்தால்?

முதலில் கடைக்காரரிடமே பேசுங்கள். தெரிந்த கடை, பக்கத்துக் கடை என்பதுதான் அசெம்பிள்டு கம்ப்யூட்டரின் பெரிய வசதி. பல கோளாறுகள் அங்கேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பில் தர மறுப்பது இந்தச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று போர்டு வைத்திருந்தாலும், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீர்வு இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ராசிபுரத்துக்காரர் சேலத்தில் வாங்கியிருந்தாலும் நாமக்கல் ஆணையத்துக்குப் போனால் போதும். டிடிபி சென்டர் மாதிரி பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியவருக்கும் இந்த உரிமை உண்டு.

ஒரு விஷயம் மட்டும் மறந்துடாதீங்க. தெர்மல் பேப்பரில் அடித்த பில் கொஞ்ச மாதத்தில் வெளுத்துப் போகும். வாங்கிய அன்றைக்கே போனில் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.