கையெழுத்துத் தாங்கிய முதற்பதிப்பு

பழைய சிறுவர் நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடித் தொகுப்போர், ஆசிரியரே விலக்கிய ஏட்டைப் பொன்னெனப் போற்றுவதும் உண்டு. 'அலிஸ்' கதைநூல் இதற்குத் தக்க சான்றாகும்.

ஒக்ஸ்போர்டிற் கணித விரிவுரையாளராயிருந்த சாள்ஸ் டொட்ஜ்சன், லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரில் இதனை இயற்றினார். ஜோன் டெனியல் வரைந்த 42 சித்திரங்களுடன் 1865-இல் 2000 படிகள் அச்சாயின. சித்திரங்கள் அச்சேறிய விதம் ஓவியருக்கு நிறைவளிக்கவில்லை. அச்சுச் செலவைத் தாமே ஏற்றிருந்தும், கரோல் அப்பதிப்பை விலக்கி, வேறோர் அச்சகத்தில் மீண்டும் அச்சிடுவித்தார். அன்பர்க்கு வழங்கிய படிகளையும் திருப்பியனுப்புமாறு வேண்டினார். அவ்வாறு மீண்டவை மருத்துவமனைகளுக்கு அளிக்கப்பட்டன. (நோயுற்ற குழந்தைகள் அச்சின் குறையை ஆராய்ந்திரார்!) எஞ்சிய தாள்கள் கடல் கடந்து, 1866-இல் நியூ யோர்க் அப்பிள்டன் பதிப்பாயின.

இன்று அம்முதற்பதிப்பில் அறியப்பட்டவை இருபதுக்குச் சற்று மேற்பட்ட படிகளே. ஆசிரியர் கையெழுத்திருப்பின் விலை உயரும் என்பர் வணிகர். வரலாற்று மாணவனுக்கோ அவ்வரிகள் சாசனம் போல்வன. நூல் எவர் கைக்குச் சென்றது என்பதை அவையே உரைக்கும்.

கரோல் தம் கைப்பட எழுதி, சித்திரமுந் தாமே தீட்டி, 1864 நவம்பரிற் சிறுமி அலிஸ் லிடெலுக்கு அளித்த மூல ஏட்டின் கதை வேறு. கணவரை இழந்த முதுமையில் அவ்வம்மையார் அதனை விற்க நேர்ந்தது. 1928-இல் அது 15,400 பவுணுக்கு ஏலம் போயிற்று. போரிற் பிரித்தானியர் காட்டிய தீரத்தைப் பாராட்டி, அமெரிக்க அன்பர்கள் அதனை வாங்கி, 1948-இல் பிரித்தானிய நூதனசாலைக்கு வழங்கினர்.