விசாரணை, ஸ்கீம், புராஜெக்ட்: இந்திய அரசின் ஆய்வு நல்கைக்கான முன்மொழிவு உருவான வரலாறு

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கு ஆய்வு முன்மொழிவு எழுதியவர்களுக்கு அந்த அட்டவணை மறந்திருக்காது. நிறுவனம் தரவேண்டிய வசதிகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும்: பட்டறை, தண்ணீர், மின்சாரம், ஆய்வக இடம், மேசை நாற்காலி, ஜெனரேட்டர், குளிர்சாதன அறை, மின்னஞ்சலும் ஃபேக்ஸும் உள்ளிட்ட தொலைத்தொடர்பு, போக்குவரத்து, எழுத்தர் உதவி, நூலகம், கணினி, விலங்குக்கூடம். ஒவ்வொன்றுக்கும் எதிரே உண்டு, இல்லை, தேவையில்லை என்று நிரப்ப வேண்டும். முழுவதும் நமக்கே உரியதா, பிறரோடு பகிர்ந்துகொள்வதா என்பதையும் குறிக்க வேண்டும்.

புதிதாகப் பணியில் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள் இந்தப் பக்கத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஆய்வு முறைக்குப் போய்விடுவார்கள். எனக்கோ முன்மொழிவிலேயே வரலாறு அதிகம் படிந்த பக்கம் இதுதான். ஆய்வுக் கருத்தைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை. விண்ணப்பிப்பவர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார், அங்கே கரண்ட் போனால் என்ன ஆகும் என்று மட்டும் இது கேட்கிறது. ஓர் ஆய்வாளரை நம்பிப் பொதுப்பணத்தைக் கொடுக்கலாம் என்ற முடிவுக்கு அரசு எதை வைத்து வந்தது? அந்த நம்பிக்கை ஆளிடமிருந்து தாளுக்கு மாறிய கதையாகவே முன்மொழிவின் வரலாற்றை நான் படிக்கிறேன். அதற்கு மூன்று சொற்கள் வழிகாட்டுகின்றன. காலனிய அரசின் மருத்துவ ஆய்வு நிதி, தான் பணம் தந்த வேலையை 'விசாரணை' என்றது. அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் அதை 'ஸ்கீம்' என்றது. இன்று நாம் 'புராஜெக்ட்' என்கிறோம்.

விசாரணை

இந்தியாவில் ஆய்வுக்கென்றே அரசு ஒதுக்கிய நிதியை ஓர் அமைப்பின் வழி வழங்கும் முறை 1911-இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தோடு வலுப்பெற்றது. இதுவே 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாயிற்று. சங்கத்தின் ஆட்சிக் குழு முதன்முதலில் கூடியது 1911 நவம்பர் 15 அன்று, பம்பாயின் பிளேக் ஆய்வகத்தில். கூடிய இடமே அந்த நிதியின் நோக்கத்தைச் சொல்லிவிடும். கொள்ளைநோய்கள் படையையும் வணிகத்தையும் உலுக்கிய காலம் அது. எந்த நோயை ஆராய வேண்டும் என்பதை அரசு தீர்மானித்தது; ஆராய்பவர் பெரும்பாலும் அரசின் மருத்துவப் பணியிலேயே இருந்தவர். தன்னைத் தெரியாத ஒருவருக்குத் தன் தகுதியை விளக்கும் தேவை அவருக்கு அநேகமாக இல்லை.

இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல சான்று உண்டு. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் குறித்த விசாரணையைத் தொடங்கியபோது அவருக்குக் கிடைத்தது ஒரே ஓர் அறை. 1920-களின் தொடக்கத்தில் அரசு செலவைக் குறைத்தபோது அந்த வேலை நின்றுபோனது. 1925-இல் ஊட்டக்குறை நோய்கள் விசாரணை என்ற பெயரில் மறுபடி உயிர்பெற்றது. பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

விசாரணை என்ற சொல்லில் ஓர் எல்லை அடங்கியிருக்கிறது. விசாரணைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. முடிவில் அறிக்கை தர வேண்டும். குறித்த காலம், குறித்த கேள்வி, முடிவில் அறிக்கை என்ற இன்றைய மூன்றாண்டுத் திட்டத்தின் எலும்புக்கூடு அங்கேயே தெரிகிறது. கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் ஆய்வாளரிடம் முழுதாக வரவில்லை.

ஸ்கீம்

இரண்டாம் உலகப் போர் தொடங்கி, கப்பலில் வந்துகொண்டிருந்த வேதிப்பொருள்களும் கருவிகளும் தடைப்பட்டபோது அரசுக்குத் தொழில்துறை ஆராய்ச்சியின் நினைவு வந்தது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் வணிகத் துறையை வைத்திருந்த ஆற்காடு ராமசாமி முதலியார் இதை விடாமல் வலியுறுத்தினார். 1940 ஏப்ரல் 1 அன்று அறிவியல் தொழில் ஆராய்ச்சி வாரியம் பிறந்தது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய், முதலில் இரண்டு ஆண்டுகளுக்கு. லாகூரில் பேராசிரியராயிருந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகர் இயக்குநராக வந்தார். அதன் தொடர்ச்சியாக 1942 செப்டம்பர் 26 அன்று சிஎஸ்ஐஆர் என்னும் தன்னாட்சி அமைப்பு உருவாயிற்று.

தனக்கென ஆய்வகங்கள் எழுவதற்கு முன்பே வாரியம் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் பணம் தந்தது. அப்படித் தந்த வேலைக்குத்தான் ஸ்கீம் என்று பெயர். விசாரணை அரசின் கேள்வி என்றால், ஸ்கீம் பேராசிரியரின் திட்டம். துறைசார்ந்த குழுக்கள் அதைப் பரிசீலித்தன. நாட்டில் இயற்பியலாளர்களும் வேதியியலாளர்களும் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்ததால், பரிசீலிப்பவருக்கும் விண்ணப்பிப்பவருக்கும் நேரடிப் பழக்கம் இருப்பது இயல்பாயிருந்தது. நம்பிக்கை இன்னும் ஆளிடமே இருந்தது.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 1944 மார்ச் 12 தேதியிட்ட கடிதம் ஒன்று இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் காஸ்மிக் கதிர் ஆய்வை நடத்திக்கொண்டிருந்த ஹோமி பாபா, தோராப்ஜி டாடா அறக்கட்டளையின் தலைவர் சோராப் சக்லத்வாலாவுக்கு எழுதியது. அடிப்படை இயற்பியலுக்கு உயர்ந்த தரத்தில் ஒரு நிறுவனம் வேண்டும். அணு ஆற்றலில் மின்சாரம் எடுக்கும் நாள் வரும்போது இந்தியா வெளிநாட்டு வல்லுநர்களைத் தேடி அலையத் தேவையிருக்காது என்பது அதன் சாரம். மறு ஆண்டே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. பம்பாய் மாகாண அரசும் துணைநின்றது. இந்திய ஆய்வு முன்மொழிவுகளில் இதைவிடப் பயன் தந்தது வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. அது கேட்டதும் தகுதியான காரியத்துக்குத்தான். ஆனாலும் அந்தக் கடிதம் பேசிய வட்டத்தையும் கவனிக்க வேண்டும். பாபாவின் அத்தை மெஹர்பாய்தான் தோராப்ஜி டாடாவின் மனைவி. கேம்பிரிட்ஜில் படித்து, ராயல் சொசைட்டியின் உறுப்பினருமாகிவிட்ட ஒருவருக்குத் தான் யார் என்று சொல்ல ஒரு வரி போதும். மதுரையிலோ காரைக்குடியிலோ ஒரு கல்லூரி ஆசிரியருக்கு அப்படியொரு வரி எழுத வழியில்லை.

விடுதலைக்குப் பின் வாதம் வேறு திசையில் எழுந்தது. அமெரிக்காவில் அறிவியல் ஆய்வுக்கு அரசு நிதி தருவது பற்றிப் பொறியாளர் வன்னேவர் புஷ் 1945-இல் தந்த அறிக்கையை அடுத்து, நல்கை வழங்கும் அமைப்பு யாருக்குக் கட்டுப்பட்டது என்று ஐந்தாண்டுகள் சண்டை நடந்தது. அறிவியலாளர்களே தங்களை ஆண்டுகொள்ளும் வகையில் வந்த மசோதாவை 1947-இல் அதிபர் ட்ரூமன் மறுத்துவிட்டார். 1950-இல்தான் தேசிய அறிவியல் அறக்கட்டளை சட்டமாயிற்று. இங்கே அந்தச் சண்டை நடக்கவில்லை. பணம் தேசிய ஆய்வகங்களுக்கா, பல்கலைக்கழகங்களுக்கா என்பதே இங்கு கேள்வி. ஆய்வும் கற்பித்தலும் பிரிந்தால் இரண்டும் வாடும் என்று இயற்பியலாளர் மேகநாத் சாஹா ஓயாமல் வாதாடினார். அரசு ஆய்வகங்களின் பக்கம் சாய்ந்தது. பல்கலைக்கழகங்களுக்கு 1953-இல் தொடங்கிய நல்கைக் குழு இருந்தது. அதன் பெரும்பங்கு வகுப்பறைக்கும் சம்பளத்துக்குமே போயிற்று. பல்கலைக்கழகத் துறைகளின் கூரை ஒழுகுவதும் தேசிய ஆய்வகங்களின் முகப்புப் பளபளப்பதும் இந்தச் சாய்விலிருந்து வந்தவை என்பது என் கருத்து.

புராஜெக்ட்

1971 மே மாதம் அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைந்தது. 1974-இல் அதன்கீழ் அறிவியல் பொறியியல் ஆராய்ச்சிக் குழு, எஸ்இஆர்சி, வந்தது. எந்த ஊரிலிருந்தும் எந்தப் பேராசிரியரும் தன் கேள்வியோடு வரலாம். துறைதோறும் ஆலோசனைக் குழுக்கள் அமர்ந்து, வெளி வல்லுநர்களின் கருத்தைக் கேட்டு முடிவுசெய்யும். விண்ணப்பிப்பவரை நேரில் அறியாதவர்கள் தாளை மட்டும் படித்து மதிப்பிட வேண்டிய நிலை இங்கே உறுதியாகிறது. முன்மொழிவு நீண்டதற்கு அதுவே காரணம். பழக்கத்தால் தெரிந்த ஒவ்வொன்றையும் இப்போது எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

படிவத்தை நிதானமாகப் படித்தால் ஒவ்வொரு தலைப்பும் ஓர் அந்நியரின் கேள்வி என்று புரியும். இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது? உலகில் இதில் எவ்வளவு நடந்திருக்கிறது, இந்தியாவில் எவ்வளவு? இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதைப் பாருங்கள். உலக நிலையை மட்டும் எழுதிவிட்டு, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் அதே வேலை நடப்பதை விட்டுவிடும் பழக்கத்துக்கு அது கடிவாளம். ஓர் இடம் சார்ந்த ஆய்வென்றால் அந்த இடத்தைத் தேர்ந்த காரணத்தைச் சொல்லச் சொல்கிறது. மன்னார் வளைகுடாப் பவளப்பாறை பற்றி எழுதும் தூத்துக்குடி ஆசிரியருக்குப் படிவத்தில் சாதகமான ஒரே கேள்வி அதுதான். பெரிய நிறுவனத்தாரைவிட அவரே அதற்கு நன்றாகப் பதில் எழுத முடியும். அதையும் பலர் இரண்டு வரியில் முடித்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

இவற்றுக்கு நடுவே ஓர் உறுதிமொழி இருக்கிறது. நல்கையில் வாங்கும் நிரந்தரக் கருவியில் மிஞ்சும் நேரத்தைப் பிற ஆய்வாளர்களுக்கு விட்டுத்தர முதன்மை ஆய்வாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். தங்களிடமும் பக்கத்து நிறுவனங்களிலும் உள்ள கருவிகளை, மாதிரி எண், வாங்கிய ஆண்டோடு பட்டியலிடவும் வேண்டும். அந்நியச் செலாவணியை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தின் குரல் இது. அப்போது ஒரு நிறமாலைமானியை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும்; அது இந்தியாவில் தயாராகவில்லை என்ற சான்றும் வேண்டும். துறைக்கு ஒன்று வாங்க வழியில்லாததால் எழுபதுகளில் வட்டாரக் கருவி மையங்கள் தோன்றின. சென்னை ஐஐடியில் இருந்த மையத்துக்குத் தமிழகத்தின் வேதியியல் துறைகள் மாதிரிகளைச் சிறு குப்பிகளில் அடைத்து அனுப்பிவிட்டு நிறமாலைக்காகக் காத்திருந்தன. பகிர்ந்துகொள் என்ற அந்தக் கட்டளையை இன்றும் நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

ஜெனரேட்டர் இருக்கும் அட்டவணையும் இந்த வரிசையில் வருவதே. கருவிக்குப் பணம் தருவது டெல்லி. அதை ஓடவைப்பது விண்ணப்பிப்பவரின் நிறுவனம். அதனால்தான் நிறுவனத் தலைவரின் ஒப்புதல் சான்று முன்மொழிவோடு சேர்ந்தது. ஆளிடம் இருந்த நம்பிக்கை தாளுக்குப் போன அதே நேரத்தில் அதில் ஒரு பங்கு கட்டடத்துக்கும் போய்விட்டது. ஐஐடியில் இருப்பவர் அந்தப் பட்டியலில் உண்டு, உண்டு என்று எழுதிக்கொண்டே போகலாம். மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர் ஒவ்வொரு வரியிலும் யோசிக்க வேண்டும்.

சட்டமும் கணக்கும்

2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி எஸ்இஆர்சியின் வேலை எஸ்இஆர்பி என்னும் சட்டபூர்வ வாரியத்துக்குப் போனது. தாள் கட்டுகள் இணையத்துக்கு மாறின. தனித்தனித் திட்டங்கள் முளைத்தன. அவற்றில் கணிதத்துக்கும் கோட்பாட்டு அறிவியலுக்கும் வந்த மேட்ரிக்ஸ் எனக்கு மிகவும் பிடித்தது: ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் 3 ஆண்டுகள். கருவி வேண்டாத ஆய்வாளரிடம் கருவிக்கூடத்தைப் பற்றிக் கேட்காமல் பணம் தரலாம் என்று ஒருவழியாக உணர்ந்ததன் அடையாளம் அது. பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்கும், பெண் அறிவியலாளர்களுக்கும் தனித் திட்டங்கள் வந்தன. மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியர் தேசிய நிறுவனமொன்றில் பகுதிநேரமாக ஆய்வுசெய்யவும் வழி திறந்தது.

இத்தனைக்குப் பின்னும் கணக்கு எப்படி இருந்தது? எஸ்இஆர்பி நிதியில் ஏறக்குறைய 65 விழுக்காடு ஐஐடிகளுக்கும், 11 விழுக்காடு மட்டுமே மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் போனதாக 2023-இல் அமைச்சர் ஜிதேந்திர சிங்கே சொன்னார். நாட்டின் மாணவர்களில் பெரும்பாலோர் படிப்பதோ மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும். அங்கிருந்து வரும் ஆய்வுக் கருத்துகள் எல்லாம் மட்டமானவை என்று நான் நம்பத் தயாராக இல்லை. அந்நியர் படிக்கும் தாள் என்ற முறை நியாயமானதுதான். அதில் கட்டடத்துக்கு விழும் மதிப்பெண்ணே தராசைச் சாய்க்கிறது.

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2024 பிப்ரவரி 5 அன்று நடைமுறைக்கு வந்து, எஸ்இஆர்பி இருந்த இடத்தில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அமர்ந்தது. ஆட்சிக் குழுவின் தலைவர் பிரதமர். ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் 14,000 கோடி அரசின் பங்கு, மிச்சம் 36,000 கோடி தனியாரிடமிருந்தும் பிற வழிகளிலும் வரவேண்டும். தனியார் பணம் ஆய்வுக்கு வரட்டும், நல்லதே. அந்தப் பணம் தூத்துக்குடிப் பவளப்பாறையைத் தேடி வருமா என்பதே என் கவலை. அறக்கட்டளையின் 'பேர்' (PAIR) என்னும் திட்டத்தில், வலுவான நிறுவனம் ஒன்று நடுவிலிருந்து மாநில, மத்தியப் பல்கலைக்கழகங்களைத் தன்னோடு இணைத்து ஆய்வை வளர்க்க வேண்டும். கட்டடத்தின் குறையைக் கூட்டாளி வழியாக நிரப்பும் முயற்சி இது. வரவேற்கிறேன். ஆனால் சக்கரத்தின் அச்சு யாரிடம் இருக்கிறதோ அவரே கேள்வியையும் தேர்ந்தெடுத்தால், 1911-இன் விசாரணைக்கே திரும்புவோம்.

இனி வரவுசெலவுப் பகுதி. தொடர் செலவு, தொடராச் செலவு, மேல்செலவு என்று பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் நியாயம் எழுத வேண்டும். அந்த நியாயம் எத்தனை நாள் செல்லும்? பொது ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு இருந்த 5 விழுக்காடு ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலை 18 அன்று நீங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு 10 லட்ச ரூபாய்க் கருவிக்கு 50,000 ரூபாய் வரி போட்டு முன்மொழிந்தவர், வாங்கும் நாளில் 18 விழுக்காடு என்றால் 1,80,000 கட்ட வேண்டும். மிச்சம் 1,30,000 எங்கிருந்து வரும்? வேதிப்பொருள் தலைப்பிலிருந்துதான் எடுப்பார்கள். மூன்றாம் ஆண்டு கருவி இருக்கும், கரைப்பான் இருக்காது. செலவைப் பயன்பாட்டுச் சான்றிதழில் காட்டினால்தான் அடுத்த தவணை. அது தாமதமானால் ஆய்வு மாணவரின் உதவித்தொகை நிற்கும். முன்மொழிவின் தரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்துக்கும் வந்து பேச வேண்டும்.

நான் பணிபுரியும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெனரேட்டர் வரிக்கு எதிரே 'உண்டு, பகிர்வு' என்று எழுதுவோம். அது உண்மைதான். ஜெனரேட்டர் நிர்வாகக் கட்டடத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் நிற்கிறது. அங்கிருந்து எங்கள் ஆய்வகத்தின் உறைகுளிர்ப் பெட்டிக்குக் கம்பி இழுக்கவில்லை. மே மாதத்தில் மின்சாரம் போனால் மாணவர்கள் மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டிக்கு மாற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த முன்மொழிவில் அந்தக் கம்பிக்கான செலவை எந்தத் தலைப்பில் கேட்பது என்று நானும் இணை ஆய்வாளரும் இரண்டு வாரமாகப் பேசுகிறோம். கருவித் தலைப்பில் அது வராது. மேல்செலவில் கேட்கலாம் என்றால், அந்தப் பணம் துறைக்கு வருவதில்லை, பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போகிறது.